அடுப்பே வேண்டாம் என்பவர்

சமைக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை. சமைக்கத் தெரியாதவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டு வகையாலும் உலகத்துக்குப் பெரிய ஆபத்து ஏதுமில்லை. தெரிந்தவர் சமைத்துப் போடுகிறார். தெரியாதவர் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, உப்பு கொஞ்சம் தூக்கல் என்கிறார். காலம் காலமாக நடந்து வருவதுதான். நான் சொல்ல வந்தது மூன்றாவது வகையைப் பற்றி. "இதுக்குப் போய் எதுக்கு சமைக்கணும்?" என்று கேட்கிறவர். வீட்டில் விருந்து என்றதும், வெட்டி, தடவி, குச்சியில் குத்தி, அப்படியே கையில் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும் பண்டங்களின் பெருமையைப் பேச ஆரம்பிக்கிறவர். அடுப்பே வேண்டாம் என்பவர்.

உங்களுக்கு இவரைத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். போன விருந்தில் உங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, பாலாடைக் கட்டியும் திராட்சையும் குத்திய குச்சி ஒன்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஏதோ வைரத்தை எடை போடுகிறவர் போல இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, "இதுல என்ன சார் இருக்கு? அஞ்சு நிமிஷ வேலை" என்று சொன்னாரே, அவரேதான்.

இவருக்குச் சமையலறை என்பது தண்ணீர் குடிக்கப் போகும் இடம். சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. வடிகட்டியைத் தேடச் சொன்னால் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் விளக்கு தனக்கு ஏதாவது சொல்லும் என்பது போல நெடுநேரம் நிற்பார். பிறகு இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்கிறீர்களா? கைபேசியிலிருந்து. அதில் வரும் வீடியோவில் இரண்டு கைகள் மட்டும் தெரியும். அந்தக் கைகளுக்கு முகம் கிடையாது, களைப்பு கிடையாது, கூப்பிடும் குழந்தை கிடையாது. வெள்ளரிக்காய் ஏற்கெனவே தோல் சீவி வந்திருக்கும். தக்காளி ஏற்கெனவே கழுவித் துடைத்து வந்திருக்கும். வெண்ணெய்க்கு ஒரு கிண்ணம், மிளகுத் தூளுக்கு ஒரு கிண்ணம், புதினாவின் ஒற்றை இலைக்குத் தனியாக ஒரு கிண்ணம். இத்தனை கிண்ணத்தையும் கழுவப் போவது யார் என்று காட்டுவதற்குள் வீடியோ முடிந்துவிடும். நம்மவர் அதைப் பார்த்து முடித்துக் கைபேசியை மடியில் கவிழ்த்து வைக்கும்போது, பாகசாஸ்திரம் முழுவதும் அவர் கைக்குள் வந்துவிட்டிருக்கும்.

இவர் பேச்சைக் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் ஒன்று விளங்கும். "ரொட்டியை வட்டமா எடுத்துக்கணும். வெண்ணெய் தடவிடணும். வெள்ளரிக்காயைச் சன்னமா சீவிடணும். மேல ஒரு திராட்சை. குச்சியைக் குத்திடணும். முடிஞ்சுது." எல்லாம் சரி. யார் எடுத்துக்கொள்ள வேண்டும்? யார் சீவ வேண்டும்? அதை மட்டும் சொல்ல மாட்டார். கேட்டால் கோபம் வரும்.

பெண்களில் இந்த வகை இல்லையா என்றால், உண்டு. அலுவலகத்தில் யாருக்காவது பிரிவு உபசாரம் என்றால், "ஆளுக்கு ஒண்ணு கொண்டு வந்துடலாமே, சமைக்கவே வேண்டாமே" என்று முதலில் யோசனை சொல்கிற அம்மையார் ஒருவர் எல்லா அலுவலகத்திலும் இருக்கிறார். எல்லோரும் விடிவதற்கு முன்பே எழுந்து எதையாவது நறுக்கிக்கொண்டு வருவார்கள். அவர் காகிதக் கைக்குட்டை கொண்டு வருவார். அதிலும் பாதிக் கட்டுதான். ஆனாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும்: இந்த இனம் செழித்து வளர்வது ஆண்களிடம்தான். அதிலும் என் சகலையிடம்.

சகலை என்றால் என் மனைவியின் தங்கை கணவர். கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் மேற்பார்வையாளர். கெட்டவர் இல்லை. குடி கிடையாது, யாரையும் அதட்டிப் பேசியது கிடையாது. எல்லாவற்றையும் சுலபம் என்று நினைப்பது ஒன்றுதான் அவரிடம் இருக்கும் கோளாறு. சுலபம்தான், அவருக்கு.

மச்சினி, அதாவது அவர் மனைவி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கவுன்டரில் வேலை பார்க்கிறாள். நிற்கிற வேலை. கம்பி ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வரிசை, இந்தப் பக்கம் அவள். உள்ளே ஒரு நாற்காலி உண்டு. அதன்மேல் எப்போதும் மாத்திரைப் பெட்டிகள் உட்கார்ந்திருக்கும். கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே வேலை. சாயங்காலம் வீடு வந்ததும் வீங்கின காலை வெந்நீர் வாளிக்குள் வைத்துக்கொண்டுதான் அக்காவிடம் போனில் பேசுவாள். இந்த வருஷம் அவளை மருந்தகம் முழுவதற்கும் பொறுப்பாளராக ஆக்கினார்கள். தனி மேஜை, தனி நாற்காலி. கூட வேலை பார்ப்பவர்களுக்கு ஏக சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வருகிறோம், கண்காணிப்பாளர் மேடமும் வருகிறார் என்று சொல்லிவிட்டார்கள்.

மச்சினிக்கு அந்தச் சாயங்காலத்தில் ஒரே ஓர் ஆசை. அதை என் மனைவியிடம் சொன்னாள். "அக்கா, அன்னைக்கு ஒரு நாள் நான் எதையும் தொடப் போறதில்ல. சோபாவில நடுவுல உட்கார்ந்துக்கப் போறேன். என்னைப் பத்தி அவங்க என்ன சொல்றாங்கன்னு காது குளிரக் கேக்கப் போறேன்."

கேட்டதைப் பாருங்கள். நகையா? நட்டா? உட்கார வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே கடையில் பலகாரம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, கடையையும் பார்த்து வைத்திருந்தாள். நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்த ஒரு நாள், பேச்சுவாக்கில் அது சகலையின் காதில் விழுந்தது.

"கடையிலயா? நான் ஒருத்தன் இருக்கும்போதா? உன் ஆளுங்களைக் கூப்பிட்டுக் கடைப் பொட்டலத்தைப் பிரிச்சு வச்சா நல்லாவா இருக்கும்?"

"இருபது பேருங்க. வேண்டாம், விடுங்க."

"இருபது என்ன, அம்பது வரட்டும். எல்லாமே கையில எடுத்துக் கடிக்கிற மாதிரி செஞ்சுடுறேன். அடுப்பே வேண்டாம். நீ உட்காரு. உன்னை யாரு எழுந்திரிக்கச் சொன்னது?"

மச்சினி என்னைப் பார்த்தாள். "அத்தான், நீங்களாவது சொல்லுங்களேன்."

சகலைகளுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் வீட்டில் இன்னொருவர் நியாயம் பேசக்கூடாது. பேசினால் அடுத்த வாரம் அவர் நம் வீட்டுக்கு வந்து பேசுவார். நான் ஜன்னல் திரையின் நிறம் நன்றாக இருக்கிறது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியமே நாங்கள் போய்விட்டோம். சகலை வாசலிலேயே நின்று வரவேற்றார். புத்தம் புதிய ஏப்ரன். மடிப்புக் கலையாதது, ஒரு சொட்டுக் கறை படாதது. சாப்பாட்டு மேஜை முழுவதும் தட்டுகள். வட்ட வட்டமாக ரொட்டி, அதன்மேல் வெண்ணெய், அதன்மேல் வெள்ளரிக்காய்ச் சில்லு, அதன்மேல் பாலாடைக் கட்டி, அதன்மேல் ஒரு புதினா இலை, அதன்மேல் திராட்சை, எல்லாவற்றையும் சேர்த்து உச்சியிலிருந்து ஒரு குச்சி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். அவர் ஒரு நாற்காலியின்மேல் ஏறி நின்று, கூரையிலிருந்து பார்ப்பது போலப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நானே, சகலை" என்றார் மேலிருந்து.

அடுக்கியது அவர்தான். அதை மறுப்பதற்கில்லை. காலையில் மார்க்கெட்டுக்குப் போனது, பை நிறைய வெள்ளரிக்காயைத் தோல் சீவியது, கசக்கிறதா என்று ஒவ்வொன்றாக நுனி கிள்ளிப் பார்த்தது, ரொட்டியை டப்பா மூடியால் அழுத்தி வட்டம் வட்டமாக எடுத்தது, வெண்ணெயை இளக்கியது, திராட்சையை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவியது, இதற்கு நடுவில் அந்த மிளகுத் தூள் எங்கே, இந்தக் குச்சி எங்கே, துடைக்கிற துணி எங்கே என்று அவர் கேட்ட ஒவ்வொன்றையும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைத்தது, எல்லாம் மச்சினி. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர் நெய்யையும் வீட்டிலேயே எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். உப்புக் குப்பியை எடுத்து, உயரத்திலிருந்து, விதை தெளிப்பவர் போல எல்லாத் தட்டுகளிலும் தூவ ஆரம்பித்தார்.

மச்சினி ஓடி வந்தாள். "என்னங்க, இப்பவே உப்புப் போட்டா வெள்ளரிக்காய் தண்ணி விட்டுடும். அவங்க வந்ததுக்கப்புறம் தூவிக்கலாம்."

"வீடியோவில இப்படித்தான் போட்டாங்க."

"அதுல போட்டதும் சாப்பிட்டுருப்பாங்க. நாம சாயங்காலம் வரைக்கும் வைக்கணுமே."

"உனக்கு எல்லாத்துலயும் பயம். முன்னாடியே முடிச்சு வச்சுட்டா சாயங்காலம் ராஜா மாதிரி உட்கார்ந்துக்கலாம். நீ போய் ரெடியாகு. இங்க ஒரு வேலையும் இல்ல."

தட்டுகளைத் துணி போட்டு மூடினார். கை தட்டி உதறிக்கொண்டார். பிறகு ராஜா தூங்கப் போனார்.

மச்சினி தலை வாரிக்கொண்டு, புது உடுப்பு உடுத்திக்கொண்டு வந்தபோது என் மனைவி அவளை நிற்க வைத்து அழகு பார்த்தாள். "வந்து உட்காருடி" என்று சோபாவின் நடுவில் இடத்தைக் காட்டினாள். அவளும் உட்கார்ந்தாள். நான் கண்ணால் பார்த்தேன். தலையணையைச் சாய்த்து வைத்து, காலை நீட்டி, ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு முடிவதற்குள் சாப்பாட்டு மேஜைப் பக்கமிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, ஒரே ஒரு நிமிஷம் இங்க வாயேன்."

துணியை விலக்கியிருந்தார். தட்டு தட்டாக வெள்ளம். வெள்ளரிக்காய் அழுது அழுது, அந்தக் கண்ணீரில் ரொட்டி கஞ்சியாகக் கிடந்தது. சகலை ஒரு குச்சியைப் பிடித்துத் தூக்கினார். திராட்சை மட்டும் மேலே வந்தது. மற்றதெல்லாம் தட்டிலேயே படுத்துவிட்டது. இன்னொரு குச்சி. இன்னொரு திராட்சை.

வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்துக்கொண்டிருப்பார்கள். அடுப்பே வேண்டாம் என்பவர் அப்படிச் செய்ய மாட்டார். "ரொட்டி சரியில்ல" என்றார். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல்.

அழைப்பு மணி அடித்தது.

"இந்தாம்மா, நீ கொஞ்சம் மாத்தி மட்டும் அடுக்கிடு. வேற ரொட்டி இருக்குல்ல? அஞ்சு நிமிஷம். நான் போய் அவங்களை உட்கார வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஏப்ரனோடு வாசலுக்குப் போனார். வந்தவர்கள் பாவம், அந்த ஏப்ரனைப் பார்த்தவுடனேயே மயங்கிவிட்டார்கள். "சார், நீங்களா சமைக்கிறீங்க?" "அட, இதுல என்ன இருக்கு, உள்ள வாங்க."

மச்சினி கையை மடித்துவிட்டுக்கொண்டு சமையலறைக்குள் போனாள். என் மனைவி பின்னாலேயே போனாள். நானும் நல்ல எண்ணத்தோடு போனேன். "நடுவுல நிக்காதீங்க அத்தான், போய் உட்காருங்க" என்று அனுப்பிவிட்டாள். நான் போய் இரண்டு அறைக்கும் இடையில் வாசற்படியில் நின்றுகொண்டேன். அங்கிருந்து இரண்டு பக்கமும் தெரியும்.

இந்தப் பக்கம் அக்காவும் தங்கையும் மிச்சமிருந்த ரொட்டியை வெட்டுகிறார்கள், புதிதாக வெள்ளரிக்காய் சீவுகிறார்கள், நனைந்த பாலாடைக் கட்டியைத் துணியில் ஒற்றி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தட்டாகத் தயாராகிறது. மச்சினி அதை ஏந்திக்கொண்டு படி வரைக்கும் வருகிறாள். அங்கே சகலை வந்து, "குடு குடு, நான் எடுத்துட்டுப் போறேன், நீ எதுக்கு சிரமப்படுற" என்று வாங்கிக்கொள்கிறார். படியிலிருந்து சோபாவுக்கு நாலெட்டுதான். அந்த நாலெட்டில் பண்டம் அவருடையதாகிவிடும். அந்தப் பக்கம் ஒரே ஆரவாரம். பிரமாதம் சார், இது எப்படி சார், இந்தப் புதினா யோசனை யாருது சார். சோபாவின் நடுவில் அவளுக்கென்று இடம் விட்டுத்தான் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். செய்முறையை விளக்குவதற்கு வசதியாக இருக்கும் என்று சகலை அதில் உட்கார்ந்துகொண்டார்.

கண்காணிப்பாளர் மேடம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். "நான் வார்டுக்குத் திரும்பிப் போகணும். ரெண்டு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பிடுறேன். எங்க அவங்க, வரச் சொல்லுங்க."

"அவளுக்கு அங்கேயே காதுல விழும் மேடம். நீங்க சொல்லுங்க" என்றார் சகலை.

மேடம் சொன்னார். "ஒரு நாள் ஒரு பெரியவர் சீட்டு கொண்டு வந்தார். டாக்டர் அவசரத்துல அளவைத் தப்பா எழுதிட்டார். பின்னாடி நீளமா வரிசை. எல்லாரும் திட்டுறாங்க. இவங்க மருந்தைக் குடுக்கல. சீட்டை எடுத்துக்கிட்டு மாடிக்கு ஓடி, டாக்டர் முன்னாடி நின்னு, 'இதை மாத்தி எழுதாம நான் கீழ போக மாட்டேன்'னு சொல்லியிருக்காங்க. அந்தப் பெரியவர் இன்னைக்கும் மாசாமாசம் வந்து மருந்து வாங்கிட்டுப் போறார். தனக்கு என்ன நடக்க இருந்துச்சுன்னு அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இத்தனை வருஷத்துல இவங்க உட்கார்ந்து நாங்க பார்த்ததே இல்ல. இனிமேலாவது உட்காரட்டும்."

சமையலறையில் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. தட்டு கழுவுகிற சத்தம். நான் கையைக் காட்டினேன். என் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. "அடியே, தண்ணியை நிறுத்துடி, உன்னைப் பத்திதான் பேசுறாங்க!" மச்சினி குழாயை மூடினாள். கைதட்டல்தான் கேட்டது.

கூடத்தில் சகலை எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி, தலையை மெல்லச் சாய்த்து, "அவ சார்புல நான் நன்றி சொல்லிக்கிறேன்" என்றார்.

மச்சினி கடைசித் தட்டோடு வந்தபோது மேடம் கைப்பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். "குடுத்து வச்சவங்கம்மா நீங்க. இவ்வளவு அழகா செஞ்சிருக்கார். எனக்கும் சொல்லித் தரச் சொல்லுங்க. என்னென்ன வேணும்?"

"ரொம்ப சிம்பிள் மேடம்" என்று சகலை முந்திக்கொண்டார். "அடுப்பே வேண்டாம்."

"ஆமா மேடம், அடுப்பு வேண்டாம்" என்றாள் மச்சினி. "நான் இருந்தாப் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். சகலைதான் சத்தமாகச் சிரித்தார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை. மச்சினியின் மடித்துவிட்ட கைகளைப் பார்த்தார், ஈரம் சொட்டும் விரல்களைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அவள் தோளைத் தொட்டுவிட்டுப் படியிறங்கினார்.

எல்லோரும் போன பிறகு சகலை சோபாவில் முழு நீளத்துக்குச் சாய்ந்தார். "அப்பாடா, காலையிலேர்ந்து நின்னு நின்னு கால் விட்டுப்போச்சு, சகலை. ஆனா பாத்தீங்களா, அவ எவ்வளவு நல்லா ஜோக் அடிச்சா!"

அதுவரைக்கும் எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் கோபம் வந்தது. சுத்தமான கோபம். உள்ளே போனேன். மச்சினி தொட்டியில் குவிந்திருந்த கிண்ணங்களைத் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள். "மேடம் என்னதான் அத்தான் சொன்னாங்க?" நான் சொன்னேன். பெரியவரை, மாடிப்படியை, டாக்டரை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால், நீங்களே சொல்லுங்கள், ஊர் முன்னால் மேலதிகாரி வாயால் கேட்பதும், பாத்திரம் தேய்க்கிறபோது அத்தான் வாயால் கேட்பதும் ஒன்றாகுமா?

நீங்கள் இதையெல்லாம் படித்துவிட்டுச் சிரிக்கிறீர்கள். உங்கள் மைத்துனரோ, மாடி வீட்டுக்காரரோ, அலுவலக மேலாளரோ இப்படித்தான் என்று உங்களுக்குத் தோன்றுகிறது. நீங்கள் மட்டும் அப்படியில்லை. நீங்கள் கூடமாட ஒத்தாசை செய்கிறவர். தட்டைக்கூட எடுத்து வைக்கிறவர். சந்தோஷம். நம்புகிறேன். ஒரு சின்னக் காரியம் மட்டும் செய்யுங்கள். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த விருந்தின் படங்களை எடுத்துப் பாருங்கள். சிரிக்கிறவர்கள், கடிக்கிறவர்கள், தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறவர்கள், நடுநாயகமாக நீங்கள். நிதானமாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பாருங்கள். உங்கள் வீட்டில் இருக்கிற ஒருவர் எந்தப் படத்திலுமே இல்லை என்றால், ஏன் என்று அவரையே கூப்பிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் உரக்கக் கூப்பிடுங்கள். குழாய்ச் சத்தத்தில் அவருக்குக் காது கேட்காது.